இடுக்கியில் குடம் இருக்கும்போது

நைலோன் ஜாக்கெட்டோடு யாராவது ராக்குச் சூளைக்குக் கிட்ட வந்தால் நான் முதலில் கத்துவேன். காலை வணக்கம் அதற்குப் பிறகுதான். இந்தப் பழக்கத்தை நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். மரியாதைக் குறைவு என்று ஒருவரும் நினைக்கமாட்டார்கள். நினைத்தாலும் பரவாயில்லை, ஜாக்கெட் உருகித் தோலில் ஒட்டுவதைவிட அது மேல்.

டென்மார்க்கின் பிரெடெரிசியாவில், நோயில் விழுந்து எழும்பினவர்களுக்கான எங்கள் பகல்நேர நிலையத்தின் மண்பாண்ட அறைக்கு நீங்கள் இரண்டு பேர் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறீர்கள். இரண்டு பேரும் தமிழ்ப் பிள்ளைகள் என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பெரிய சந்தோஷம். "றெஜினாக்கா, உங்கடை அனுபவத்தை எழுதித் தாங்கோவன்" என்று கேட்டீர்கள். டெனிஷில் எழுதினால் எனக்குக் கோபம் சரியாக வராது. அதனால் தமிழில் எழுதுகிறேன். வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் வீட்டில் அம்மாமாரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

மண்ணை எப்படிப் பிசைவது, பூச்சை எப்படிக் கலப்பது, சூளையை எவ்வளவுக்குச் சூடாக்குவது என்பதெல்லாம் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அவற்றைத் திரும்ப எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கமாட்டேன். சுவரில் ஒட்ட முடியாத ஒரு விஷயத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அறைக்குள் இருக்கும் மின்சாரச் சூளையை மூடிவிட்டால் மறுநாள் வரைக்கும் நீங்கள் கவலையில்லாமல் கோப்பி குடிக்கலாம். உள்ளே என்ன நடந்தாலும் உங்கள் கையில் ஒன்றும் இல்லை. முற்றத்தில் இருக்கும் ராக்குச் சூளை அப்படிப்பட்டதல்ல. ஜப்பானில் தேநீர்க் கிண்ணம் செய்தவர்களிடமிருந்து வந்த முறை அது. பாத்திரம் செக்கச்செவேல் என்று சிவந்து, அதன் மேல் பூசிய கண்ணாடிப் பூச்சு உருகி மினுங்கும்போதே மூடியைத் தூக்கி, நீண்ட இடுக்கியால் வெளியே எடுத்துவிட வேண்டும். ஜப்பானில் அப்படியே காற்றில் ஆறவிட்டார்கள். மேற்கில் உள்ளவர்கள் அதோடு மரத்தூளையும் சேர்த்தார்கள். நாங்களும் அந்த வழிதான். எடுத்த கையோடு மரத்தூள் வாளிக்குள் வைத்து மூடுவோம். தூள் பற்றி எரிந்து புகை மண்ணுக்குள் இறங்கும். பூச்சு இல்லாத இடமெல்லாம் கன்னங்கரேல் என்று கறுக்கும். வெள்ளைப் பூச்சின் மேல் கறுப்பு ரேகைகள் ஓடும். சூளையிலிருந்து வாளிக்குப் போகிற அந்த நாலைந்து மூச்சு நேரம்தான் வேலை. மற்றதெல்லாம் அதற்கு முன்னேற்பாடு.

எனக்கு இந்த வேலையைக் காட்டித்தந்தவர் ஒரு டெனிஷ் பெண்மணி. பெயர் வேண்டாம், தான் செய்த பாத்திரத்தின் அடியில்கூடப் பெயர் போடாத ஆள் அவர். மீன் தொழிற்சாலையில் குளிரில் நின்று விரல் மரத்துப்போய் வந்தவள் நான். நெருப்புக்குக் கிட்ட வேலை என்றதும் யோசிக்காமல் ஓம் என்றேன். எங்கள் நிலையத்தில் எதற்கெடுத்தாலும் கூட்டம் போடுவார்கள் என்பது உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். கோப்பி இயந்திரத்தை ஜன்னல் பக்கம் நகர்த்துவதற்கும் கூட்டம் உண்டு. அவர் எல்லாக் கூட்டத்துக்கும் வந்து கேக் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் போவார். முற்றத்துக்கு வந்தால் மட்டும் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. இடுக்கி பாத்திரத்தைப் பிடித்த பிறகு கூட்டம் கிடையாது. யாருடைய அபிப்பிராயமும் கேட்கக்கூடாது, யாரையும் திரும்பிப் பார்க்கக்கூடாது, நேரே வாளிக்குப் போ. தயங்கி நின்றால் பாத்திரமும் போகும், காலும் போகும் என்பார்.

நல்ல சட்டம். நானும் அதைத்தான் உங்களுக்குச் சொல்வேன். ஆனால் ஒரு நாள் இடுக்கியில் சிவந்த குடத்தை வைத்துக்கொண்டு நாங்கள் கூட்டம் போட்டோம். அதுவும் இரண்டு மொழியில்.

அந்தக் குடம் சிவபாலன் அண்ணையுடையது. இந்தப் பிரெடெரிசியாவிலேயே பஸ் ஓட்டியவர். நல்ல வாய்க்காரர். பஸ்ஸில் ஏறுகிற தமிழ்ப் பெண்களிடம், "என்ன பிள்ளை, இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்காமல் விடமாட்டார். ஒரு நாள் பாரிசவாதம் வந்து வலது கையையும் காலையும் எடுத்துக்கொண்டது, பேச்சையும் எடுத்துக்கொண்டது. டெனிஷ் அடியோடு போய்விட்டது. தமிழிலும் சம்மதம் சொல்கிற ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. "ஓம்."

கேட்கச் சிரிப்பாக இருக்கும், பக்கத்தில் இருந்து பார்த்தால் அழுகை வரும். பசிக்குதோ என்றால் ஓம். பசிக்கேல்லையோ என்றாலும் ஓம். வேண்டாம் என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறப்பார், வருவது ஓம். பிழையான சொல் வந்துவிட்டது என்று அவருக்கே தெரியும். உடனே முகம் தொங்கிப்போகும். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டெனிஷ் பிள்ளை என்னிடம் கேட்டு "இல்லை" என்ற சொல்லைத் தன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மாதக்கணக்காக முயன்று பார்த்தாள். அந்த "ல்லை"யை அவள் உச்சரிக்கிற வடிவைப் பார்த்து அவர் சிரிப்பார். சிரித்துவிட்டு ஓம் என்பார்.

அவரோடு ஒரு மேசையில் இருந்து வேலை செய்ததில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. உண்மையாகவே சம்மதம் என்றால் அவருடைய இடது கை விரல்கள் மடியில் விரிந்து கிடக்கும். சம்மதம் இல்லாவிட்டால் பெருவிரல் உள்ளங்கைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். வாய் எதைச் சொன்னாலும் அந்தப் பெருவிரல் பொய் சொல்லாது. அவருடைய மனைவி புஷ்பக்காவுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். இந்த அறைக்கு வருகிறவர்கள் பலர் இப்படித்தான். அவர்கள் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு நீங்கள் வேலையை நடத்தினால் நாள் முழுக்கப் பிழையாகவே நடத்துவீர்கள்.

அவருடைய ஒரே மகள் அபிக்குக் கலியாணம் ஒழுங்காகியிருந்தது. மாப்பிள்ளை ஒடென்சேக்காரர், மண்டபமும் அங்கேதான். புடவை எடுத்தாயிற்று, ஐயரைப் பேசியாயிற்று, எல்லாம் புஷ்பக்காவின் ஓட்டம். சிவபாலன் அண்ணை சக்கர நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தகப்பன் கையால் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். அவருக்கோ வலது கை வராது. "என்ரை அண்ணை நிண்டு தாரை வாப்பார்" என்று புஷ்பக்கா என்னிடம் சொன்னபோது அவர் பக்கத்தில்தான் இருந்தார். ஓம் என்றார். நான் மேசைக்குக் கீழே பார்த்தேன். பெருவிரல் உள்ளே போயிருந்தது.

அடுத்த வாரம் அவர் மண்ணை எடுத்து ஒரு பெரிய வயிறும் சின்னக் கழுத்துமாகக் கட்டத் தொடங்கினார். எனக்கு விளங்க நேரம் எடுக்கவில்லை. வாசலில் வைக்கிற நிறைகுடம். மன்னாரில் எங்கள் கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டுக் கலியாணத்துக்கும் நாங்கள் அதை வைக்கிறோம். அவருடைய இடது கை வளைக்கும், எதிர்ப்பக்கத்தில் நான் என் வலது கையைக் கொடுப்பேன். இரண்டு முறை சரிந்தது. மூன்றாவது குடம் நின்றது. தோளில் மட்டும் வெள்ளைப் பூச்சு, வயிறு முழுக்கச் செம்மண். காய்ந்து இருந்தபோது புஷ்பக்கா பார்த்துவிட்டு, "நல்ல வடிவான மண் நிறம்" என்றார். ஆனாலும் அவர் சமையலறையில் பித்தளைக் குடம் ஒன்று புளி போட்டு விளக்கி மினுக்கித் தயாராக இருந்தது. நம்பிக்கையில்லாமல் இல்லை, முன்யோசனை. இந்தக் குடம் தவறினால் அந்தக் குடம் வாசலுக்குப் போகும். கலியாணத்துக்கு ஒரு குறையும் வராது. சிவபாலன் அண்ணைதான் தன் மகளின் கலியாணத்தில் தன் கையால் செய்தது ஒன்றும் இல்லாமல் வந்திருந்து பார்த்துவிட்டுப் போகிற ஆளாக இருப்பார்.

சனிக்கிழமை கலியாணம். வியாழக்கிழமை மத்தியானம் ராக்கு. இடுக்கியை அவரும் பிடிக்க வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். அதற்கு வழக்கம்போலக் கூட்டம் நடந்தது, கேக் சாப்பிட்டோம், சம்மதித்தார்கள். அவருக்குத் தோல் ஏப்ரன் கட்டி, இடது கையில் தடித்த கையுறை போட்டு, நாற்காலியின் பிரேக்கை இறுக்கிவிட்டோம். என்னோடு வேலை செய்த கிர்ஸ்டன் சூளை மூடியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் தடவை எடுத்த பாத்திரங்கள் புகை அடங்கி, கறுகறுவென்று புல்லில் கிடந்தன. எங்களுக்கு அதுதான் அழகு. கறுப்பு வராவிட்டால்தான் குறை என்று நினைத்துப் பழகிவிட்ட ஆட்கள் நாங்கள்.

கிர்ஸ்டன் கயிற்றை இழுத்தாள். மூடி மேலே போனது. இடுக்கியின் ஒரு பிடியில் அவருடைய கை, அதன் மேல் என் கை, மற்றப் பிடியிலும் என் கை. குடத்தின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினோம். செக்கச்செவேல் என்று வந்தது. அந்த நேரத்தில் பக்கத்துப் படலை திறந்தது.

புஷ்பக்காவும் அபியும். கோப்பி நேரத்துக்கு வருவதாகச் சொன்னவர்கள், கலியாணச் சாமான் பைகளோடு முன்னதாகவே வந்துவிட்டார்கள். புஷ்பக்கா புல்லில் கிடந்த பாத்திரங்களைப் பார்த்தார். பிறகு மரத்தூள் வாளியைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். கெட்டிக்காரி, ஒருவரும் சொல்லாமலே கணக்கு விளங்கிவிட்டது.

"றெஜினா, பொறு! இதென்ன கரிச்சட்டி? இவரின்ரை குடமும் உப்பிடியோ வரப்போகுது?"

"ஓமக்கா, புகையிலை கறுக்கும்."

"கலியாண வாசலிலை கறுத்தக் குடமோ? மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்ன நினைப்பினம்? வையாதை, வையாதை!"

அபி டெனிஷில் தொடங்கினாள். கறுப்புத்தான் அழகு, அவளுடைய மேசை அலங்காரமே கறுப்பும் பொன்னிறமும்தான், அப்பா செய்ததை அப்பா விரும்பிய மாதிரி விடுங்கள் என்றாள்.

"மேசைக்கு நீ என்ன நிறத்தையும் விரி. வாசலுக்குக் கறுப்பு வேண்டாம்" என்றார் தாய்.

"என்ன நடக்கிறது? ஏன் நிற்கிறீர்கள்?" என்று கிர்ஸ்டன் டெனிஷில் கத்தினாள். பாவம், மூடியின் பாரம் முழுக்க அவளுடைய கையில்.

இதுதான் பிள்ளைகளே, நெருக்கடி என்பது. நெருப்புப் பற்றுவதும் பாத்திரம் உடைவதும் நெருக்கடி இல்லை. அவற்றுக்குத் தண்ணீரும் விளக்குமாறும் இருக்கிறது. நியாயமான இரண்டு பேர் எதிரெதிராக நிற்பார்கள், உங்கள் கையில் ஆறிக்கொண்டிருக்கிற ஒன்று இருக்கும். குடத்தின் சிவப்பு மங்கத் தொடங்கிவிட்டது. கடல் காற்று வேறு ஒரு பக்கத்தில் அடித்தது.

சட்டப்படி நான் ஒருவரையும் பாராமல் வாளிக்குள் வைத்திருக்க வேண்டும். ஆனால் குடம் என்னுடையதா? அபியுடையதா? புஷ்பக்காவுடையதா? அதைச் செய்தவர் நடுவில் இருந்தார். அவரை ஒருவரும் கேட்கவில்லை.

"அண்ணை, வாளிக்குள்ளை வைக்கட்டோ?"

"ஓம்."

"வேண்டாமோ?"

"ஓம்."

அவரிடம் வாயால் கேட்டது என் மடத்தனம். நான் அவருடைய கையைப் பார்த்தேன். தடித்த கையுறைக்குள் பெருவிரல் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? புஷ்பக்காவைப் பார்த்தேன். என்னைவிட அவருடைய கையை வாசிக்கத் தெரிந்தவர், ஆனால் அன்று அவருடைய கண் குடத்தை விட்டு அசையவில்லை. முகத்தைப் பார்த்தேன். வெக்கையில் வியர்த்து, கண் கலங்கி இருந்தது. மாதாவே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் இடுக்கி அசைந்தது. நான் அசைக்கவில்லை. நான் வாளிப் பக்கம் சரித்து வைத்திருந்த இடுக்கியை அவருடைய கை பின்னுக்கு இழுத்தது. மெதுவாக, ஆனால் பஸ் ஓட்டின கை அது, உறுதியாக இழுத்தது. வாளியை விட்டுச் சூளைப் பக்கம்.

இடுக்கியில் இருக்கிற பாத்திரத்துக்கு இரண்டு வழிதான் எனக்குத் தெரியும். வாளி, இல்லாவிட்டால் ஜப்பான்காரர் விட்டதுபோல வெறும் காற்று. சின்னக் கிண்ணம் என்றால் காற்றைத் தாங்கும். இவ்வளவு பெரிய வயிற்றுக் குடம் அந்தக் காற்றில் வெடித்துவிடும். ஆனால் சூளையின் வாய் இன்னும் திறந்திருந்தது. வெளியே எடுத்ததைத் திரும்ப உள்ளே வைப்பதை நான் அதுவரை கண்டதில்லை. வைக்கக்கூடாது என்றும் ஒருவரும் சொன்னதில்லை. எடுத்தால் எடுத்ததுதான் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தோம்.

"கிர்ஸ்டன், மூடியைப் பிடி! திரும்ப வைக்கிறோம்!"

அவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்தாள். பிறகு அவளே சொன்னாள். ஆனால் கயிற்றை விடவில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் என்றென்றைக்கும் கடமைப்பட்டவள். குடத்தை அதன் இடத்தில் வைத்தோம். மூடி இறங்கியது. நான் காஸை நிறுத்தினேன். அப்போது சூளைக்குள்ளிருந்து "டிங்" என்று ஒரு சத்தம் வந்தது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்ன சத்தம், றெஜினா?" என்றார் புஷ்பக்கா.

பூச்சு ஆறும்போது அப்படித்தான் சத்தம் வரும். குடம் பிளக்கும்போதும் அதே சத்தம்தான் வரும். "தெரியாதக்கா" என்றேன். "நாளைக்குக் காலமைதான் திறக்கலாம். இப்ப திறந்தால் நிச்சயம் வெடிக்கும்." பூச்சுத்தான் என்று சொல்லி அவரை ஆறுதல்படுத்தியிருக்கலாம். பிள்ளைகளே, அப்படிச் சொல்லாதீர்கள். தெரியாது என்று சொன்னதால்தான் அவர் அடுத்ததாகச் செய்ய வேண்டியதைச் செய்தார். கணவன் பக்கத்தில் போய்க் குனிந்து, கையுறையைக் கழற்றி, வியர்த்துப்போயிருந்த அந்தக் கையைத் தன் சேலையால் துடைத்துவிட்டார். கறுப்பைப் பற்றியோ மாப்பிள்ளை வீட்டைப் பற்றியோ அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை. அபியும் பைகளைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியின் பிரேக்கை எடுத்துவிட்டாள்.

அண்ணைக்குக் கறுப்பு வேண்டாமா, மனைவியின் சத்தத்தை நிறுத்த நினைத்தாரா, அல்லது கொஞ்சம் பொறுத்து யோசிப்போம் என்றுதான் இழுத்தாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. இடுக்கி பின்னுக்கு வந்தது. அது தெரியும். அது போதும் என்று அன்றைக்கு எடுத்தேன்.

அன்று புஷ்பக்கா பிள்ளையாருக்கும் நான் மாதாவுக்குமாக இரண்டு பக்கமும் விண்ணப்பம் போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை காலை நான் வேலைக்குப் போக முதலே அவர்கள் மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். சூளையைத் தொட்டுப்பார்த்தேன், கைச்சூடு. கிர்ஸ்டன் கயிற்றை இழுத்தாள். எனக்குக் குனிந்து பார்க்கப் பயமாக இருந்தது, அபிதான் முதலில் பார்த்தாள்.

குடம் முழுதாக இருந்தது.

வயிறு செங்கல் நிறத்தில், தோள் பால் வெள்ளையில். வெள்ளைக்குள் மயிரிழை மாதிரி ரேகைகள், கிட்டப் போனால்தான் தெரியும். நான் தூக்கி மேசையில் வைத்து விரலால் தட்டினேன். கணீர் என்று பித்தளைச் சத்தம் வரவில்லை. ராக்கு மண்ணில் அது வராது. ஆனால் ஓட்டைச் சத்தமும் இல்லை. புஷ்பக்கா என்னை நம்பாமல், சந்தையில் சட்டி வாங்குகிறவர்போலக் காதைக் கிட்ட வைத்துத் தானும் சுற்றித் தட்டிப்பார்த்தார். பிறகு ஒரு மூச்சு விட்டார் பாருங்கள், அது அவர் கலியாணம் பேசின நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு. எனக்கும் அப்படியே. கதிரையில் இருந்துவிட்டேன்.

"தண்ணி மட்டும் விட்டிடாதேங்கோ அக்கா, ஊறி வெளியிலை வரும்" என்றேன்.

"தண்ணி ஆர் விட்டது? பச்சையரிசி போட்டு வைப்பன்" என்றார். அந்தப் பிரச்சினை அவ்வளவோடு முடிந்தது.

கழுத்துக்குக் கீழே வெள்ளைப் பூச்சில் இரண்டு வடுக்கள் இருந்தன. உருகின பூச்சில் இடுக்கியின் பற்கள் பதிந்த இடம். நாங்கள் நின்று கூட்டம் போட்ட நேரம் முழுவதும் இறுக்கிப் பிடித்திருந்ததால் வழக்கத்தைவிட ஆழமாகப் பதிந்திருந்தது. புஷ்பக்கா அதை விரலால் தேய்த்துப் பார்த்து, "இது போகாதோ?" என்று கேட்டார். போகாது என்றேன். அபி குனிந்து பார்த்தாள். டெனிஷில்தான் பதில் சொல்கிற பிள்ளை அது. அன்றைக்குத் தமிழில், "அப்பா, இது உங்கட பிடிதானே?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றார் அவர். நான் கையைப் பார்க்கத் தேவைப்படவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். இடுக்கி மூடிய பிறகு கூட்டம் வேண்டாம் என்ற சட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள், நூற்றுக்கு நூறு நல்ல சட்டம். ஆனால் பாத்திரத்துக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் இருந்தால் அவருடைய கை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை உங்கள் கையால் கேளுங்கள். அதற்குக் கூட்டம் தேவையில்லை. திரும்ப உள்ளே வைக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். அதற்குப் பிறகு இரண்டு முறை நான் அப்படித் திரும்ப வைத்துப் பார்த்தேன். ஒன்று பிளந்தது. அதனால் இதை நிச்சயமான வழியாக எடுத்துச் சுவரில் ஒட்டிவிடாதீர்கள்.

கலியாணத்துக்கு எனக்கும் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை ஒடென்சேக்கு நான் நேரத்தோடே போய்விட்டேன். குடம் காரில் பத்திரமாக வந்ததா என்று பார்க்காமல் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மண்டப வாசலில் வாழையிலை விரித்து, நெல் பரப்பி, அதன் மேல் குடத்தை வைத்துக்கொண்டிருந்தார் புஷ்பக்கா. பச்சையரிசி நிரப்பி, மாவிலை செருகி, மஞ்சள் பூசின தேங்காயை மேலே வைத்தார். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. சிவபாலன் அண்ணை பட்டு வேட்டி சால்வையோடு நாற்காலியில் வாசல் ஓரமாக இருந்தார். மாப்பிள்ளை வீட்டாரின் கார்கள் வந்துகொண்டிருப்பதாக உள்ளேயிருந்து யாரோ சொன்னார்கள்.

புஷ்பக்கா எழும்பி நின்று ஒருமுறை பார்த்தார். இடுக்கி வடு இரண்டும் வாசலைப் பார்த்தபடி இருந்தன. எல்லாம் நேர்த்தியாக இருக்க வேண்டும் அவருக்கு. குனிந்து, தேங்காய் அசையாமல் குடத்தை மெல்லச் சுற்றி, வடுக்களைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார்.

"இல்லை."

"என்னப்பா இல்லை? தேங்காய் கிடக்குத்தானே, மாவிலை கிடக்கு..." என்று சொல்லிக்கொண்டே மாவிலையைச் சரிசெய்த புஷ்பக்காவின் கை அப்படியே நின்றது. மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் கேட்டேன் என்று தலையாட்டினேன்.

கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது. புஷ்பக்கா அவசரப்படவில்லை. திரும்பக் குனிந்து, இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்து, வடுக்கள் வாசலைப் பார்க்கும்படி கொண்டுவந்து வைத்தார்.

"இப்ப சரியோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றார் சிவபாலன் அண்ணை. அவருடைய இடது கை பட்டு வேட்டியின் மேல் விரல்கள் விரிந்தபடி கிடந்தது.